லூனாசிலிருந்து வந்த மங்கு

மலேசியாவில் தேநீரைப் பையில் கட்டிக் கொடுப்பார்கள். மெல்லிய பிளாஸ்டிக் பை, வாயில் ஒரு சிவப்புக் கயிறு, உள்ளே சொருகிய உறிஞ்சுகுழாய். வாங்கியவர் அதை விரலில் மாட்டிக்கொண்டு நடப்பார். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் தொங்கவிட்டு ஓட்டுவார். வேலை செய்யும் இடத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு நினைத்தபோது வந்து உறிஞ்சுவார். எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு வந்த முதல் வாரத்தில் இப்படி ஒரு பையை வாங்கி வந்து, குடிக்காமல், அளவுகுவளையில் ஊற்றிப் பார்த்தேன். முந்நூற்றுப் பத்து மில்லிலிட்டர். என் மனைவி கிரேசின் வீட்டார் ஒரு வாரம் சிரித்தார்கள். இன்று எனக்கு எண்பத்தொரு வயது. வாசல் கதவிலிருந்து சாலையோர ஒட்டுக்கடைக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி. இன்று காலையும் போனேன். கொக்கியில் ஒன்பது பைகள் தொங்கின. எண்ணுவது எனக்கு ஒரு வியாதி என்று கிரேஸ் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் ஒரு கணக்கு மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எனக்கு ஒத்துவரவில்லை. ஊரில் இருந்து வாசிக்கிறவர்களும், இங்கே கெடா மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களும், அது எங்கே பிழையாயிற்று என்று பார்த்துச் சொல்லட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மருந்தாளர். கொழும்பில் படித்தேன். கிரேஸ் இங்கேயே பிறந்த யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவளைக் கட்டிக்கொண்டு வந்ததால் இந்த நாடு எனக்கு வாய்த்தது. கெடாவின் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். முதல் மாதத்தில் தோட்டத்திலிருந்து வரும் தமிழர்கள் மருந்துச் சாளரத்தின் முன் நின்று, "பசியாறிட்டீங்களா ஐயா?" என்று கேட்பார்கள். எனக்குப் பசிக்கிறதா இல்லையா என்று இவர்களுக்கு என்ன கவலை என்று நினைத்து, "எனக்குப் பசியில்லை, மருந்துத் துண்டைத் தாருங்கோ" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வணக்கம் சொல்வது போன்றது என்று புரிய நாற்பது நாள் ஆயிற்று. அதற்குள் மருந்து ஐயா முசுடு என்று லூனாஸ் ஊர் வரை பெயர் போய்விட்டது.

வீட்டில் இன்னொரு விசித்திரம். பக்கத்து வீட்டு மாக்சிக் ஹலிமா நோன்புக் காலத்தில் ஒரு தட்டில் பலகாரம் வைத்து வேலிக்கு மேலாக நீட்டுவார். மாக்சிக் என்றால் மலாயில் அத்தை, சித்தி மாதிரி. பலகாரம் தீர்ந்ததும் தட்டைக் கழுவிக் கொடுத்துவிடலாம் என்றால் கிரேஸ் விடமாட்டாள். "இஞ்சாருங்கோ, கொஞ்சம் சீனி வாங்கிக்கொண்டு வாங்கோ. தட்டை எப்பிடி வெறுமனே குடுக்கிறது?" என்பாள். எனக்கு எரிச்சல் வரும். தட்டு தட்டுத்தானே. இப்படி இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே தட்டு ஒரு நோன்புக் காலத்தில் பதினொரு தடவை போய் வந்ததை எண்ணியிருக்கிறேன். எண்ணினேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் எங்கள் மருத்துவமனைக்குச் சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரங்கள் வந்தன. டயாலிசிஸ் என்ற சொல்லை அதற்கு முன் நான் புத்தகத்தில் மட்டும் கண்டிருந்தேன். மூன்று மாதம் கோலாலம்பூருக்கு அனுப்பி என்னைப் பழக்கினார்கள். திரும்பி வந்ததும், சிறிய மருத்துவமனைகளிலும் தோட்டங்களிலும் மருந்து கொடுப்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. மருந்துக் களஞ்சியத்துக்கு மேலே, பதினான்கு படி ஏறினால் ஓர் அறை. ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் இருவரை மட்டும் இங்கே சொன்னால் போதும். ஒருத்தி ரொஹானா, ஜித்ராவைச் சேர்ந்த மலாய்ப் பெண், பல்கலைக்கழகத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்த மருந்தாளர். மற்றவர் பெருமாள், செர்டாங் பக்கத்துத் தோட்டமொன்றின் டிரசர். தோட்ட மருந்தகத்தில் கட்டுப்போடுவது முதல் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது வரை எல்லாம் அவர்தான்.

முதல் நாள் ஒவ்வொருவருக்கும் ஐந்நூறு மில்லிலிட்டர் போத்தல் ஒன்று கொடுத்தேன். காலையில் அதில் தண்ணீர் நிரப்ப வேண்டும். அன்று என்ன குடித்தாலும், கோப்பியோ இரசமோ ஐஸ் கட்டியோ, அதே அளவு தண்ணீரைப் போத்தலிலிருந்து ஊற்றிவிட வேண்டும். போத்தல் காலியானால் மறுநாள் காலைவரை ஒன்றும் குடிக்கக் கூடாது. சிறுநீர் போகாத நோயாளியின் ஒரு நாள் அப்படித்தான் இருக்கும், ஆண்டு முழுவதும். மறுநாள் பெருமாள்தான் முதலில் எழுந்தார்.

"ஐயா, காலைல பெரட்டு முடிஞ்சி ஒரு மங்கு கோப்பி ஓ குடிச்சேன், பாதி போத்தல் காலி. பத்து மணிக்கு மீதியும் போச்சி. சாயங்காலம் குடிச்சத நான் கணக்குல சேக்கல லா. அது தண்ணி இல்ல, கள்ளு."

அறை சிரித்தது. பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கு எடுப்பது, கோப்பி ஓ என்றால் பால் விடாத கோப்பி. ரொஹானாவின் போத்தலில் இருபது மில்லிலிட்டர் மிச்சம் இருந்தது. அவளுடைய உதடு வெடித்திருந்தது. அன்று ஜித்ராவில் உறவினர் வீட்டுக் கல்யாண விருந்தாம். தாகம் பெரிய விஷயமில்லை என்று சொன்னாள், நோன்பு பிடித்துப் பழக்கம் இருக்கிறது, மறுப்பதுதான் கஷ்டம். அத்தை கையால் கலந்து கொண்டுவந்த இனிப்புச் சிரப்பை வேண்டாம் என்றதும், நான் உனக்கு என்ன செய்துவிட்டேன் என்று அத்தை கண் கலங்கிவிட்டார் என்றாள். நான் என் குறிப்பேட்டில் "இருபது" என்று எழுதிக்கொண்டேன். அவள் சொன்னதை எழுதவில்லை.

நான்கு மாதம் பாடம் நடத்தினேன். எந்த மருந்து சிறுநீரகம் பழுதான உடம்பை விட்டு வெளியேறாமல் தங்கும், எதைப் பாதியாகக் குறைக்க வேண்டும், எந்த வலி மாத்திரையைக் கண்ணிலும் காட்டக் கூடாது என்று பட்டியல் போட்டேன். நோயாளிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தேன்: சாப்பிடக் கூடாதவை இருபத்தேழு. வாழைப்பழம், இளநீர், முருங்கைக்கீரை, கருவாடு என்று மூன்று மொழியிலும் எழுதிப் பிரதி எடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி சொல்லிக்கொடுத்தேன். நோயாளி மருந்து சாப்பிட்டாரா என்று அவரிடம் கேட்காதே, போத்தலில் மிச்சத்தை எண்ணு. வாய் பொய் சொல்லும், எண்ணிக்கை சொல்லாது. ஐந்தைந்தாக எண்ணு, இரண்டு தரம் எண்ணு.

லூர்தம்மாள் அந்தச் சமயத்தில்தான் வந்தாள். லூனாஸ் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவள். வயது முப்பத்தாறு, இரண்டு பெண்பிள்ளைகள். கணவர் அந்தோணிக்கு அதே தோட்டத்தில் ரப்பர் தகடு உலர்த்தும் புகைவீட்டில் வேலை. அவளுடைய சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன. இயந்திரத்தில் ஓர் இடம் மூன்று மாதத்தில் காலியாகும் என்று தெரிந்தது. அவளுக்கும் இன்னும் சிலருக்கும் அந்த ஓர் இடம்தான் நம்பிக்கை. மருந்தையும் தண்ணீரையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவர்களுக்கே இடம் என்பது எங்கள் டாக்டரின் நிபந்தனை. அதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் ஒரு வரி என் பொறுப்பு: மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறாரா, ஆம் அல்லது இல்லை. கீழே என் கையெழுத்து.

அவளுடைய மருந்துகளில் முக்கியமானது ஒரு வெள்ளை மாத்திரை. வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் அதே அலுமினிய மாத்திரைதான். சிறுநீரக நோயாளி அதைச் சோற்றோடு சேர்த்து மென்று விழுங்கினால், உணவிலுள்ள பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். இல்லாவிட்டால் பாஸ்பேட் இரத்தத்தில் ஏறி, எலும்பை அரித்து, தோலில் தாங்க முடியாத அரிப்பைக் கொடுக்கும். வேளைக்கு இரண்டு, மூன்று வேளை. இரண்டு வாரத்துக்கு எண்பத்து நான்கு. லூர்தம்மாள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெறும் போத்தலைக் கொண்டுவந்து சாளரத்தில் வைப்பாள். மிச்சம் பூச்சியம். அடுத்த முறையும் பூச்சியம். எனக்குப் பெருமை. வகுப்பில் அந்த வெறும் போத்தலைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். ஆனால் இரத்தப் பரிசோதனையில் பாஸ்பேட் ஏறிக்கொண்டே போனது. வரும்போதெல்லாம் முன்கையைச் சீப்பால் சொறிந்துகொண்டு நின்றாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்: வேளைக்கு மூன்று, இரண்டு வாரத்துக்கு நூற்று இருபத்தாறு. அப்போதும் மிச்சம் பூச்சியம். நான்கு தடவை எண்பத்து நான்கு, இரண்டு தடவை நூற்று இருபத்தாறு. ஐந்நூற்று எண்பத்தெட்டு மாத்திரை. ஒன்றுகூட மிச்சமில்லை.

ஆறாவது போத்தலை ரொஹானா கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் என்னை என்சிக் என்று அழைப்பாள், மலாயில் ஐயா என்பதற்குச் சமம். "என்சிக், ஐந்து நாள் மருந்தை நானே மிச்சமில்லாமல் சாப்பிட்டதில்லை. மற்ற நோயாளிகளுக்கு நான்கு, ஏழு, பதினொன்று என்று மிஞ்சுகிறது. இவருக்கு மட்டும் ஆறு தடவையும் எப்படிப் பூச்சியம்?" என்று கேட்டாள். படிவத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை லூர்தம்மாள் வீட்டுக்குப் போவோம், நீங்களும் வரவேண்டும் என்றாள். எனக்கு விருப்பமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: கெடாவுக்கு வந்து பதினான்கு ஆண்டு ஆகியும் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு தோட்ட லயத்துக்குள் நான் கால் வைத்ததில்லை. யாழ்ப்பாணத்தார் நாங்கள் தோட்டத்துக்குப் போனால் அலுவலகத்துக்குப் போவோம், அங்கே எழுத்தராக இருக்கும் கிராணி வீட்டுக்குப் போவோம். அதோடு சரி.

என் காரில் முப்பத்தேழு கிலோமீட்டர். லயத்தில் பன்னிரண்டு வீடு, அவளுடையது ஒன்பதாவது. காலைப் பால் வெட்டு முடிந்து ஆட்கள் திரும்பியிருந்த நேரம். லூர்தம்மாள் எங்களைக் கண்டதும் எழுந்து, இருந்த இரண்டு நாற்காலியையும் முந்தானையால் துடைத்தாள். மருத்துவமனைப் பெண்கள் எல்லாரும் அவளுக்கு மிஸ்ஸிதான்.

"அடடே, ஐயா வந்துட்டாங்க! மிஸ்ஸியுமா! பசியாறிட்டீங்களா? இருங்க, தண்ணி கலக்கறேன்."

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ரொஹானா முந்திக்கொண்டு, சரி அக்கா, கொடுங்கள் என்று மலாயில் சொன்னாள். இரண்டு கண்ணாடிக் குவளையில் சிவப்புச் சிரப் வந்தது. நாங்கள் குடிப்பதை லூர்தம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒன்றும் இல்லை. அந்தக் குவளை இருநூற்றைம்பது மில்லிலிட்டர் பிடிக்கும், அவளுடைய ஒரு நாள் தண்ணீரில் பாதி.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, கன்னியம்மா என்று பெயர், ஓர் எனாமல் மங்கில் மீன் குழம்போடு உள்ளே வந்தாள். மங்கு என்றால் இங்கே கிண்ணம்.

"அக்கா, ஒனக்குன்னு தனியா உப்பு கம்மியா வச்சேன்" என்றவள் என்னைப் பார்த்துவிட்டாள். "நீங்கதான் அந்த மருந்து ஐயாவா? ஒங்க மாத்திர ரொம்ப நல்ல மாத்திர ஐயா! வெறும் வயித்துல கோப்பிய ஊத்திக்கிட்டு வெட்டுக்குப் போறோமா, நெஞ்செல்லாம் எரியும். ரெண்டு மென்னா போதும், கப்புன்னு நின்னுடும். இந்த லயத்துக்கே லூர்து அக்காதான் டிரசரு லா!"

லூர்தம்மாள் குழம்பைத் தன் சட்டியில் கொட்டிக்கொண்டு, மங்கைக் கழுவி, உள்ளே போய்த் திரும்பி வந்திருந்தாள். மங்கின் அடியில் நாலாக மடித்த ஒரு காகிதப் பொட்டலம். அவள் கை அப்படியே நின்றது. கன்னியம்மா எங்கள் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ பிசகிவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. மங்கை வாங்காமலே போய்விட்டாள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை குடுத்தனீங்கள்?" என்பது. ஏன் என்று கேட்கவில்லை.

அவள் மங்கை ஓரமாக வைத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மங்க சும்மா எப்பிடி ஐயா திருப்பிக் குடுக்கறது? நான் வெட்டுக்குப் போவல. அடுப்புப் பக்கம் நிக்கவே முடியல. நாள் தவறாம யாராச்சும் ஒன்னு கொண்டாந்து வச்சிட்டுப் போறாங்க. எங்கிட்ட வேற என்னா இருக்கு? முன்னெல்லாம் கொல்லையில வாழ இருந்துச்சி, முருங்க இருந்துச்சி. ரெண்டு பழமோ ஒரு புடி கீரையோ போட்டுக் குடுப்பேன். மரத்த நீங்கதான வெட்டச் சொன்னீங்க?"

"நானோ? நான் எப்ப சொன்னனான்?"

மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். என் பட்டியல். நான்காக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. "வாழப்பழம் கூடாது. முருங்கக்கீர கூடாது. எளநி கூடாது. பெரிய மக எழுத்துக் கூட்டிப் படிச்சிச்சி. கையெட்டுற தூரத்துல இருந்தா மனசு கேக்காதுன்னு அவரு எல்லாத்தையும் வெட்டிப்புட்டாரு."

எழுந்து கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தேன். வாழைக் கட்டைகள் நான்கு, முழங்கால் உயரத்தில் ஒரு முருங்கைக் கட்டை. ரொஹானா என் பின்னால் வந்து நின்றாள். "மானா போலே பாகி பாலிக் மங்கோக் கொசோங், என்சிக்" என்றாள் மெதுவாக. வெறும் கிண்ணத்தை எப்படித் திருப்பிக் கொடுக்க முடியும்? ஜித்ராவில் என் அம்மாவும் கொடுக்கமாட்டார் என்றாள். என் வீட்டு வேலிக்கு மேலே பதினொரு தடவை போய் வந்த தட்டு அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

திரும்பி வந்து, "அப்ப நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லையோ?" என்று கேட்டேன்.

"சாப்ட்டேன் ஐயா. ஒன்னு ரெண்டு. எனக்குத்தான் வயித்துல எரிச்சலே இல்லியே. அவங்களுக்குத்தான் எரியுது. மிச்சம் வச்சிக் கொண்டாந்தா நீங்க கோவிப்பீங்க. போன தடவ மாத்திர மிச்சம் வச்ச அந்தக் கெழவர நீங்க ஏசனத நான் பாத்தேனே."

அன்று முதன்முதலாக பாஸ்பேட் என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொன்னேன்: "இது வயித்தெரிவுக்கு இல்லை பிள்ளை. சோத்தோட உள்ள போற ஒரு உப்பை இது பிடிச்சு வெளியில கொண்டுபோகும். பிடிக்காட்டி அந்த உப்பு தோலுக்குள்ள நிண்டு அரிக்கும்."

அவள் சொறிந்துகொண்டிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். "அப்ப இந்த அரிப்பு அதனாலயா? இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒன்னுகூட யாருக்கும் குடுத்திருக்க மாட்டேனே ஐயா."

இருபத்தேழு பொருள் எழுதிய பட்டியலில் ஒரு வரி இல்லை. நீங்கள்தான் சாப்பிடக் கூடாது, மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்ற வரி. அதை ரொஹானா மலாயில் இரண்டு தரம் சொன்னாள். லூர்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. மரத்தை வெட்டிய மனுசனை நினைத்துச் சிரித்தாளா, எங்களை நினைத்தா, தெரியாது.

திரும்பும் வழியில் ரொஹானா சொன்னாள்: "ஆம் என்று எழுதுங்கள் என்சிக். போத்தலில் மிச்சம் பூச்சியம், அது பொய்யில்லை. இன்றிலிருந்து அவர் சாப்பிடுவார், எனக்குத் தெரியும்." நான், படிவம் கேட்பது போத்தலைப் பற்றி அல்ல என்றேன். அவள் குரல் உயர்ந்தது. "இதுவரை போத்தலைத்தானே கேட்டீர்கள்?" மீதி இருபத்திரண்டு கிலோமீட்டரும் தூரக்கற்களை எண்ணிக்கொண்டு ஓட்டினேன்.

ஞாயிறு முழுவதும் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஐந்நூற்று எண்பத்தெட்டில் அவள் உண்டது எண்பதுக்கு மேல் இராது என்று எழுதினேன். பிழை நோயாளியுடையது அல்ல, என் பட்டியலுடையது, என் விளக்கத்துடையது என்று எழுதினேன். இன்னும் ஒரு மாதம் தாருங்கள் என்று கேட்டேன். உண்மையை முழுவதுமாக எழுதினால் முழுவதுமாக வாசிப்பார்கள் என்று நம்பிய வயது அது. திங்கட்கிழமை டாக்டர் முதல் பக்கத்தை நின்றபடியே வாசித்தார். "ஆக, அவர் மருந்து சாப்பிடவில்லை" என்றார் ஆங்கிலத்தில். இல்லை, விஷயம் அதுவல்ல என்று நான் தொடங்கினேன். "சாப்பிட்டாரா, இல்லையா?" என்றார். இல்லை என்றேன். காகிதம் இடது பக்கக் கட்டுக்குப் போனது. அந்த இடம் இன்னொருவருக்குக் கிடைத்தது. அவருக்கும் பிள்ளைகள் இருவர். அதையும் விசாரித்து எண்ணி வைத்திருக்கிறேன்.

லூர்தம்மாள் கோபிக்கவில்லை. அடுத்த இடம் வரும்போது பார்க்கலாம் என்று நான் சொன்னதைச் சரி என்று ஏற்றுக்கொண்டு போனாள். ரொஹானா பெருமாளைப் பிடித்து, லூர்தம்மாளின் தோட்டத்து டிரசரிடம் பேசவைத்து, லயத்து ஆட்களின் வயிற்றெரிச்சலுக்குத் தனியாக மருந்து போக ஏற்பாடு செய்தாள். அடுத்த முறை லூர்தம்மாள் கொண்டுவந்த போத்தலில் ஏழு மாத்திரை மிச்சம். ஐந்தும் இரண்டும். "மறந்துட்டேன் ஐயா, ஏசாதீங்க" என்றாள். என் வாழ்நாளில் எந்த எண்ணையும் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அதற்கடுத்த முறை நான்கு. பரிசோதனையில் பாஸ்பேட் இறங்கியது. கையில் சீப்பு இல்லை. அன்று அவள் ஒரு துணிப்பையிலிருந்து ஒரு வெள்ளை எனாமல் மங்கை எடுத்தாள், நீல விளிம்பு வைத்தது. அது நிறைய முருங்கைக்கீரை. கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்ததாம்.

"எனக்குத்தான் கூடாது. ஒங்களுக்குக் கூடும்ல?"

மருந்துச் சாளரத்தின் கம்பிக்கு அடியால் மங்கு உள்ளே வந்தது. கிரேஸ் அன்று பால் விட்டுச் சமைத்தாள். மங்கைக் கழுவி வாசல் பக்கம் எடுத்து வைத்து, "இதில என்ன போட்டுக் குடுக்கப் போறியள்?" என்று கேட்டாள். நான் யோசிக்கத் தொடங்கினேன். பழம் கூடாது. பிஸ்கட்டில் உப்பு. முறுக்கில் உப்பு. மைலோ கூடாது. கடலை கூடாது. என் இருபத்தேழையும் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஓடிப் பார்த்தேன். சிறுநீரக நோயாளியைப் பராமரிக்க ஆறு பேருக்குப் பயிற்சி கொடுத்தவனுக்கு, ஒரு நோயாளியின் மங்கில் என்ன போடுவது என்று தெரியவில்லை. மனதுக்குள் ஒரு கள்ள எண்ணமும் இருந்தது. இயந்திரத்தில் இடம் கிடைத்த செய்தியோடு அந்த மங்கைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று. அதனால் அடுத்த முறை அவள் வந்தபோது கொடுக்கவில்லை. அதற்கடுத்த முறை அவள் வரவில்லை. நுரையீரலில் நீர் சேர்ந்து, வரும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று தோட்டத்து டிரசர் தொலைபேசியில் சொன்னார். நான் படிவம் கொடுத்து மூன்றாவது மாதம் அது. அடுத்த இடம் காலியானது ஐந்தாவது மாதம்.

இடம் கிடைத்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் பிறகு ஆறுதலாகச் சொன்னார். பெருமாளும் அதையே சொன்னார். ரொஹானா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. நான் "ஆம்" என்று எழுதியிருந்தால் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த வெள்ளை மாத்திரையிலுள்ள உலோகமே சிறுநீரக நோயாளியின் எலும்பிலும் மூளையிலும் படிகிறது, நீண்ட நாள் கொடுக்க வேண்டாம், வேறு மருந்துக்கு மாற்றுங்கள் என்று. களஞ்சியத்திலிருந்த டப்பாக்களை நானே எண்ணித் திருப்பி அனுப்பினேன். அன்று எண்ணும்போது மூன்று தரம் தவறியது.

நான் ஓய்வு பெறும்வரை அந்த வகுப்பை நடத்தினேன். பட்டியலின் அடியில் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போய், அங்கே கொடுப்பதைக் குடித்து, அடுப்பையும் கொல்லையையும் பார்த்து வரவேண்டும் என்று விதி வைத்தேன். போத்தலை எண்ணுகிற விதியை எடுக்கவில்லை. ஆனால் பூச்சியம் வந்தால் பயப்படு என்று சொல்லிக்கொடுத்தேன்.

மங்கைத் திருப்பிக் கொடுக்க ஒரு முறை போனேன். சீனி ஒரு கிலோ அதில் போட்டுக் கட்டி, காரில் முன் இருக்கையில் வைத்துக்கொண்டு போனேன். ஒன்பதாவது வீடு பூட்டியிருந்தது. அந்தோணி பிள்ளைகளோடு ஜோகூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டாராம். ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைக்கப் போவதாகப் பேச்சு. கன்னியம்மா மங்கைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அது அவ மங்கு ஐயா. நான் எப்பிடி வாங்கறது?" கொல்லையில் முருங்கை கூரைக்கு மேல் வளர்ந்து நின்றது. சீனியை வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

அந்த ஆண்டுகளில்தான் ஊரில் எங்கள் வீடு போனது. எப்படிப் போனது என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. தங்கைக்குக் கடிதம் எழுதினேன். அம்மாவின் பித்தளைப் பானை, பெரிய தாச்சி, ஐயா கஞ்சி குடிக்கும் கோப்பை இவற்றில் எத்தனை மிஞ்சியது என்று கேட்டேன். இதை ஏன் கேட்கிறாய் என்று அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "ஒண்டும் இல்லை அண்ணா" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

இன்று காலை தேநீர்ப் பையோடு வீட்டுக்கு வந்தபோது, மாக்சிக் ஹலிமாவின் மருமகள் கொடுத்துவிட்ட தட்டில் கிரேஸ் வடை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அந்தத் தட்டை விட்டுவிட்டு, வழக்கம்போல அடுக்களைப் பாத்திரங்களை எண்ணினேன். அறுபத்து மூன்று. "அந்த மங்கைச் சேர்க்காதையுங்கோ, அது எங்கட இல்லை" என்றாள் கிரேஸ், திரும்பிப் பார்க்காமலே. சேர்க்காவிட்டால் அறுபத்திரண்டு. அந்த அறுபத்திரண்டில் ஊரிலிருந்து வந்தது ஒன்றுகூட இல்லை. தட்டுப் பலகையில் எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். நீல விளிம்பு வைத்த மங்கை மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவள் கவிழ்ப்பதில்லை. வாசல் பக்கத்து மூலையில், வாய் மேலே பார்க்க, அது நிமிர்ந்து இருக்கிறது.